ஹாலந்துக் கிழவி

மாட்டுத்தாவணி பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு கிழவியின் படம் தொங்குகிறது. ஹாலந்து ஓவியர் ஒருவர் பல நூறு ஆண்டுகளுக்கு முன் வரைந்ததன் அச்சுப்பிரதி. மகள் வாங்கி மாட்டியது. "இம்புட்டு இருட்டாவா வரைவான்? கழட்டுங்க" என்று எரிந்து விழுவேன்.

போன மாதம் கண்புரை ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து வீடு திரும்பினேன். ஹாலில் அப்படியே நின்றுவிட்டேன். கிழவியின் முகமெல்லாம் பொன் வெளிச்சம். ஒவ்வொரு சுருக்கத்தையும் தடவிக்கொடுப்பதுபோல் வரைந்திருந்தார் அந்த மனிதர். கண்ணோரத்து ஈரம்கூடத் தெரிந்தது. இருட்டு என் கண்ணில்தான் இருந்திருக்கிறது.

பையோடு பின்னால் வந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்திலும் அத்தனை சுருக்கங்கள்.

"என்ன அப்படிப் பாக்குறீக?"

"அந்தாளு எம்புட்டு நேரம் அந்தக் கெழவியப் பாத்திருப்பான்னு நெனச்சேன்" என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் இவளை அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.