ஏசி மெக்கானிக்கும் அப்பாவும்

அம்மா இறந்த அடுத்த மாதம், அப்பாவைப் பென்னாகரத்திலிருந்து சேலத்துக்கு என்னோடு அழைத்துப் போனேன். வீட்டைப் பூட்டியதிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. சித்திரை வெயிலில் காரின் ஏசி அனல்காற்றை ஊதியது. அதியமான்கோட்டையில் ஒரு ஏசி பட்டறையைப் பார்த்து நிறுத்தினேன். அப்பா இறங்க மறுத்து, பின்சீட்டிலேயே இருந்துவிட்டார்.

மெக்கானிக் குள்ளமானவர், புருவம்கூட நரைத்திருந்தது. எதையும் தொடுவதற்கு முன், காற்று வரும் இடத்தில் புறங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"கேஸ் எங்கியோ கசியுதுங்க" என்றார்.

குழாய் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் குமிழி கிளம்பியது. அங்கிருந்த ரப்பர் வளையத்தை மாற்றி, கேஸ் நிரப்பினார்.

"உள்ள உக்காந்து பாத்தாத்தான் தெரியுமுங்க" என்று அப்பாவின் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்ற எனக்கு என்ஜின் சத்தம்தான் கேட்டது. கண்ணாடி வழியே பார்த்தேன். அப்பா கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைச் சாய்த்துச் சிரித்தார். அம்மா போனபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"என்னங்க பேசினீங்க?" என்று இறங்கியவரிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. குளுருதுங்களான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

வழியில் அப்பாவிடமும் கேட்டேன். "நல்ல மனுசன்" என்றார், அவ்வளவுதான்.

இப்போது அப்பாவும் இல்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பட்டறையைப் பார்க்கிறேன். அவர்கள் பேசியதைத் தெரிந்துகொள்ள ஆசைதான். ஆனால் இறங்கிப் போய்க் கேட்க இன்றுவரை மனம் வரவில்லை.