முந்நிலா நாட்டுக்குத் துணி தைத்தவள்

எங்கள் அண்ணி மகாலட்சுமியின் வீட்டுக் கொடியில் ஒருநாள் காலை பாவாடை, துண்டு, சட்டையோடு ஒரு தலையும் தொங்கியது. கொம்பு முளைத்த தலை. வாய் நிறையப் பல். நான் கையிலிருந்த மாவுக் குண்டானை அப்படியே போட்டுவிட்டேன். மாவு போனால் போகிறது, நல்ல குண்டான் நெளிந்துவிட்டது. அண்ணி உள்ளேயிருந்து நிதானமாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"பெயின்ட் காயுது செல்வி. தொட்டுடாத."

கிருமாம்பாக்கத்தில் ரவிக்கை தைப்பதற்கு எங்கள் அண்ணியை விட்டால் ஆளில்லை. என் அண்ணன் குழந்தைவேல் கரும்பு ஏற்றிய டிராக்டர் கவிழ்ந்து செத்தபோது, அவர்கள் மகள் சரண்யா பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அன்றைக்குப் பிறகு அண்ணி தையல் மெஷினில் உட்கார்ந்தவள்தான். சுற்றுப்பட்டு ஊர்க் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்த ரவிக்கை அவள் கையால்தான். ஆனால் முகூர்த்தத்துக்கு அவள் போகமாட்டாள். போனாலும் சாப்பாட்டுக் கூடத்தோடு சரி. அவள் தைத்த ரவிக்கை மணமேடை ஏறலாம், அவள் ஏறக்கூடாது. இதை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, யாரும் மாற்றியதுமில்லை. எனக்கு வயிறு எரியும். அண்ணியோ சட்டையே செய்யமாட்டாள்.

அந்தக் கொம்புத் தலைக்குக் காரணம் எங்கள் தெருப் பையன் அரிகரன். பாண்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கை நிறையச் சம்பளம் வாங்குகிறவன், லீவு நாளில் என்ன செய்வான்? இவன் ஒரு நாட்டைச் செய்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து இல்லாத நாடு ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு முந்நிலா நாடு என்று பெயரும் வைத்தான். அங்கே வானத்தில் மூன்று நிலா. மீன் பறக்கும். ராஜாவின் காவலுக்குக் கொம்பு வைத்த புலி. விருந்துக்கு வருகிறவர்கள் முதலில் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். இதெல்லாம் கதையோடு நின்றால் பரவாயில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சவுக்குத் தோப்பில் கூடி, இரண்டு நாள் அந்த நாட்டு ஜனங்களாகவே உடுத்தி, தின்று, சண்டை போட்டு வாழ்வார்களாம். அதற்குக் கவசம் வேண்டும், கத்தி வேண்டும், துணிமணி வேண்டும்.

அண்ணி தைத்தாள். செருப்புக்குப் போடும் ரப்பர் ஷீட்டை வெட்டிச் சூடு காட்டி வளைத்து, வெள்ளிப் பெயின்ட் அடித்தால் அசல் இரும்புக் கவசம். அதே ஷீட்டில் கத்தி, கேடயம், ஈட்டி. அண்ணி வீட்டுக்குள் நுழைந்தால் ஏதோ படையெடுப்புக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒருத்தி, மெஷின் மேல் கிடந்த ரப்பர் வெட்டுக் கையைப் பார்த்துவிட்டு அளவு கொடுக்காமலே ஓடினாள்.

நான் அதிர்ந்ததெல்லாம் அதிர்ச்சியே இல்லை என்று தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிகரன் இன்னொரு உடை தைக்கச் சொல்லி வந்திருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இது யாருக்குபா?" என்றாள் அண்ணி.

"போர்ல செத்துப்போன தளபதியோட சம்சாரத்துக்குக்கா. இதுல வேலை ஒண்ணும் இல்ல. வெள்ளைத் துணி, நீளமா இருந்தா போதும்."

அண்ணி மெஷினை நிறுத்தினாள்.

"உங்க நாட்டுல நிலா எத்தினி?"

"மூணுக்கா."

"மீனு இன்னா பண்ணும்?"

"பறக்கும்."

"பொம்பளைங்க?"

"கத்தி எடுத்து சண்டை போடுவாங்க."

"நிலாவை மாத்தத் தெரிஞ்சிது, மீனை மாத்தத் தெரிஞ்சிது. புருஷன் செத்தா மட்டும் அங்கியும் வெள்ளைதானா தம்பி?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணன் செத்து இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. அரிகரன் கையிலிருந்த பையைக் கீழே வைத்தான். பாவம், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. யோசிக்காமல் செய்திருக்கிறான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நீங்களே சொல்லுங்கக்கா. நீங்க சொல்றதுதான் அங்க வழக்கம்" என்றான்.

அண்ணி மெஷினில் கிடந்த துணியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"செவப்பு. சூளையில வெந்த செங்கல்லு நெறம். புருஷனோட கத்தி அவளுக்குத்தான், வேற எவனும் தொடக்கூடாது. தோள்ல மாட்டிக்க வாரு வெச்சித் தரேன்." பிறகு குரல் இறங்கியது. "அவ ஒரு எடத்துக்கு வந்தா எல்லாரும் எழுந்து நிக்கணும். அவ உக்காருங்கன்னு சொல்ற வரைக்கும் எவனும் உக்காரக் கூடாது. ராஜாவா இருந்தாலும் சரி."

சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

தை மாதம் சவுக்குத் தோப்பில் கூடினார்கள். கிழிசல் தைக்க அண்ணி போனாள், துணைக்கு நான். கடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர், கத்தியும் ஈட்டியுமாக ரோட்டோரம் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்ப ஏறிக்கொண்டார். தோப்புக்குள் விருந்து நடந்தது. அரியூர் மருத்துவக் கல்லூரியில் படிக்கிற அருள்மொழி என்ற பெண்தான் தளபதியின் மனைவி. செங்கல் சிவப்பில், தோளில் கத்தியோடு அவள் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தாள். அத்தனை பேரும் எழுந்தார்கள். ராஜா வேஷம் போட்டவனும் எழுந்தான். உர மூட்டை மேல் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அண்ணியும் எழுந்துவிட்டாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"இன்னா அண்ணி?"

"ஒண்ணுமில்ல செல்வி. நல்லாருக்குது."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. அண்ணி வீட்டில் கத்திக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணி அடுப்படியிலிருந்து வந்தால் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். முதலில் விளையாட்டாகத்தான் செய்தார்கள். போகப்போக அவர்களை அறியாமலே எழுந்தார்கள். அண்ணி சலித்துக்கொள்வாள். "உக்காருங்கடா, தலைவலி." அவள் சொன்னால்தான் உட்காருவார்கள்.

ஆவணியில் சரண்யாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை வில்லியனூர். அவர் அப்பா விஜயராஜ், நாலு பேர் மதிக்கிற மனிதர், குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். நிச்சயத்தன்று அப்படித்தான் சொன்னார்.

"தாரை வார்க்கறதுக்கு அத்தையும் மாமாவும் உக்காரட்டும். பொண்ணோட அம்மா தாலி கட்ற நேரத்துல மட்டும் உள்ள இருந்துக்கட்டும். தப்பா எடுத்துக்காதீங்க."

நான் வாயைத் திறக்குமுன் அண்ணியே "சரிங்க" என்றாள். சரண்யா வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தாள்.

"நீ எம் பக்கத்துல நிக்கலன்னா எனக்குத் தாலியே வேணாம்."

"எங்கதி உனக்கு வரக்கூடாதுடி. எட்ட நின்னு பாத்தா போதும் எனக்கு."

"அந்த நாட்டுக்கு மட்டும் அப்பிடிச் சொன்ன?"

"அது இல்லாத நாடுடி" என்றாள் அண்ணி.

மேற்கொண்டு எத்தனை சொல்லியும் அவள் மசியவில்லை. தடுத்தது சம்பந்தி மட்டும் என்றால் நானே அவரை ஒரு கை பார்த்திருப்பேன். அவளே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டால் யாரோடு சண்டை போடுவது?

கல்யாணத்தன்று வில்லியனூர் மண்டபம் நிறைந்திருந்தது. அரிகரனும் கூட்டாளிகளும் சீக்கிரம் வந்து முன்வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் என் வீட்டுக்காரரும் தாரை வார்த்து முடித்தோம். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். அப்போதுதான் என் கண்ணெதிரே அந்தக் காரியம் நடந்தது. சரண்யா கையை முதுகுப் பக்கம் கொண்டுபோய், அவள் அம்மா தைத்த ரவிக்கையின் கொக்கியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"அத்தை, ஹூக்கு போச்சு. அம்மாவைக் கூப்பிடு."

அடிப்பாவி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, நான் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "அண்ணி! ரவிக்கை கொக்கி அறுந்துபோச்சு! ஓடியாங்க!"

தன் தையல் அறுந்தது என்று கேட்டால் அண்ணிக்கு வேறெதுவும் நினைவில் இருக்காது. ஊசியும் நூலுமாகப் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

முன்வரிசை எழுந்தது. அரிகரன், அருள்மொழி, பட்டுச் சேலையும் வேட்டியுமாக வந்த முந்நிலா நாடு முழுக்க எழுந்து நின்றது. முன்னால் இருப்பவர்கள் எழுந்தால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? எம்.எல்.ஏ வந்துவிட்டார் என்று நினைத்து அடுத்த வரிசை எழுந்தது. அதற்கடுத்ததும் எழுந்தது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. வீடியோக்காரர் கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பினார். சம்பந்தி விஜயராஜ் யாரென்று பார்க்காமலே எழுந்து, கும்பிட்ட கையோடு திரும்பினார்.

கதவருகே அண்ணி நின்றாள். மொத்த மண்டபமும் அவளைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. சம்பந்தி கும்பிட்ட கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். ஊரறிய எழுந்து கும்பிட்ட பிறகு, உள்ளே போங்கள் என்று எப்படிச் சொல்வார்?

"அம்மா" என்றாள் சரண்யா.

அண்ணி ஒருமுறை அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். அவர்கள் அசையவில்லை. தோப்பில் நின்ற அதே மாதிரி நின்றார்கள். அவள் நேராக நடந்து வந்து மேடை ஏறினாள். மகள் பின்னால் நின்று நாலே தையலில் கொக்கியைப் பொருத்தி, நூலைப் பல்லால் கடித்தாள். இறங்கத் திரும்பியவளின் கையைச் சரண்யா பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நேரம் தவறிடும்மா, நில்லுங்கோ" என்றார் ஐயர், மேளக்காரரைப் பார்த்துக் கையை உயர்த்திக்கொண்டே.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறும்போது அண்ணியின் கை மகளின் கையில்தான் இருந்தது. அட்சதை அவள் தலையிலும் விழுந்தது. எனக்கு அழுகையில் எதுவும் சரியாகத் தெரியவில்லை.

மேளம் ஓய்ந்த பிறகும் முன்வரிசை நின்றுகொண்டே இருந்தது. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள்.

"முன்னாடி உக்காருங்கபா! ஒண்ணும் தெரியல!"

"அவங்க சொல்லட்டும்" என்றான் அரிகரன்.

யார் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"உக்காருங்க."

முதலில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிறகு மண்டபம் உட்கார்ந்தது. கடைசியாகச் சம்பந்தியும் உட்கார்ந்தார்.