அமாவாசைப் புழுக்கைகள்

சிங்கப்பூரில் மான் கணக்கெடுக்கிறேன் என்று சொன்னால் தேக்கா மார்க்கெட்டில் எனக்கு மீன் வெட்டித் தருகிறவர்கூடச் சிரிப்பார். "ஜூவுலயா அக்கா?" என்று கேட்டார் ஒருமுறை. ஜூவில் எண்ணுவதற்கு நான் எதற்கு? கிராஞ்சிப் பக்கம், பண்ணைகளுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் காட்டில் கடமான்கள் இருக்கின்றன. யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல, தாமாகவே பிழைத்துக் கிடக்கின்றன.

ஆனால் கண்ணில் படாது. அதனால் நாங்கள் எண்ணுவது அதன் புழுக்கையை. காட்டுக்குள் அங்கங்கே கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் வைத்திருந்தோம். போகும்போதெல்லாம் கட்டத்துக்குள் கிடக்கும் குவியல்களை எண்ணிவிட்டு, எண்ணியதை ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே போட்டுவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த முறை கிடப்பது புதியது என்று தெரியும். மான் எங்கே அதிகம் நடமாடுகிறது, எங்கே சும்மா கடந்து போகிறது என்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பது. என் மகள் இதைக் கேட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

என்னோடு ஜோடியாக வந்தவர் புக்கிட் பாத்தோக்கில் என் அடுக்குமாடி புளோக்கிலேயே குடியிருக்கும் அக்கா. உடன்பிறந்தவர் இல்லை, ஆனால் அந்த உரிமையோடு என் சமையலறைக்குள் வந்து பானையைத் திறந்து பார்ப்பார். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவரை நான்தான் கையைப் பிடித்துக் காட்டுக்கு இழுத்துப் போனேன். எங்கள் தொண்டூழியர் குழுவில் சேரும்போது இரண்டு பேரும் சேர்ந்தே வாக்குக் கொடுத்தோம்: எதற்கும் தீனி போட மாட்டோம், இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டோம்.

அந்தக் காட்டின் குறுக்கே ஒரு சாலை வரப்போவதாகப் பேச்சு அடிபட்டது. மான்கள் அங்கே குடியிருக்கின்றன என்று காட்டிவிட்டால், சாலையை வேறு பக்கமாகப் போடும்படி கேட்டுப் பார்க்கலாம். வெறும் வழிப்போக்கு மான்கள் என்றால் பேச்சுக்கே இடமில்லை. ஓடைக்கரையில் இருந்த கடைசிக் கட்டத்தில் புழுக்கை குவியத் தொடங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. சில முறை குவிந்து கிடக்கும், சில முறை ஒன்றுமே இருக்காது. மழை கரைத்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குழுக் கூட்டத்தில் ஒரு பையன், எங்கள் தலைவர்தான், என் மகள் வயது, "அந்த ஒரே கட்டத்துல மட்டும் ஏன் ஆண்ட்டி இவ்ளோ?" என்று கேட்டார். நான் விட்டேனா? தண்ணீர் இருக்கிறது, மறைவு இருக்கிறது, குட்டி போட வாகான இடம், இதுதான் அவற்றின் வீடு என்று மூச்சு வாங்கப் பேசினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் பேசி முடித்ததும் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

அதற்கடுத்த முறை முட்டி வலி என்று அக்கா வரவில்லை. காலையில் தனியாகப் போனேன். கடைசிக் கட்டத்தில் மறுபடி குவியல். அதற்கு நடுவே சிவப்பு ரப்பர் பேண்டில் இறுக்கிய தண்டுகளின் அடிப்பாகம் கிடந்தது. இலையை முழுக்க மான் உருவித் தின்றிருந்தது. வாடிய வெள்ளைப் பூ ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அகத்தி. முந்தின நாள் அமாவாசை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சில வாரம் முன்பு தேக்காவில் அக்காவின் பையில் அகத்திக்கீரையைக் கட்டுக் கட்டாகப் பார்த்து, எதற்கு இவ்வளவு என்று கேட்டிருந்தேன். "வாய்ப்புண்ணு லா, ஆறவே மாட்டேங்குது" என்றார். ஐயோ பாவம் என்று மணத்தக்காளி வேறு வாங்கிக் கொடுத்து, கூட்டு வைக்கும் முறையும் சொன்னேனே! வாய்ப்புண்ணாம்.

திரும்பி வந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ரப்பர் பேண்டை மேசைமேல் வைத்தேன். அக்கா அதைப் பார்த்தார், மறுக்கவில்லை.

"அவருக்காகத்தான்டி. அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்தி குடுக்கணும். இந்த ஊர்ல மாட்டுக்கு நான் எங்க போவேன்? ஃபார்ம்ல கேட்டேன், உள்ள விட மாட்டேன்னுட்டாங்க. மானும் அசை போடுற ஜீவன்தானே?"

"கூட்டத்துல நான் தொண்டை கிழியப் பேசினப்போ பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீ அவ்ளோ ஹேப்பியா இருந்தே. எப்படிச் சொல்றது?"

"அது கீரைக்காக வருதுக்கா! அங்க குடியிருக்கல!"

"நான் என்ன பாய்சனா வச்சேன்? நீ மட்டும் ஜன்னல்ல காக்காவுக்குச் சோறு வைக்கல?"

நான் வைப்பது நிஜம்தான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. இனிமேல் என் வீட்டுக்கு வராதீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது சொன்னதுதான். லிஃப்டில் பார்த்தால் இன்றும் நான் எண் பலகையைப் பார்ப்பேன், அவர் செருப்பைப் பார்ப்பார். துரோகம் என்றால் பெரிய வார்த்தை என்பார்கள். எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை. வேற்று ஆள் ஏமாற்றியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

தலைவரிடம் போய், அந்தக் கட்டத்தில் யாரோ தீனி போட்டிருக்கிறார்கள், கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பட்டியலில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு, சரி ஆண்ட்டி என்றார். அந்தக் கட்டத்தை எடுத்த பிறகு எங்களிடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிஞ்சவில்லை. இப்போது ஓடைக்கரை வரை மரங்களில், சாலைக்காக வெட்ட வேண்டியவை என்று, சிவப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து எடுத்துவர வேண்டியிருந்தது. கட்டின நான்தானே அவிழ்க்க வேண்டும் என்று ஒரு காலையில் போனேன். குனிந்து முடிச்சை அவிழ்க்கும்போது பின்னால் சருகு மிதிபடும் சத்தம். திரும்பினால் ஒரு பெண் கடமான். இத்தனை காலம் புழுக்கை பொறுக்கியதெல்லாம் என்றைக்காவது இப்படிப் பக்கத்தில் பார்க்கமாட்டோமா என்ற ஆசையில்தான். கை நீட்டினால் தொடும் தூரம். அது என் முகத்தைப் பார்க்கவேயில்லை. கழுத்தை நீட்டி, தோளில் தொங்கிய என் துணிப்பையை மோந்தது.

"போ!" என்றேன். போகவில்லை. கையைத் தட்டினேன், குச்சியை எடுத்து ஓங்கினேன், கத்தினேன். மனிதரைக் கண்டால் ஓடத் தெரிந்த மிருகம், இரண்டடி பின்னால் போய் நின்று, கீரைக்காகக் காத்திருந்தது.