ஒரு ஆள் வாங்க

பேய் பிசாசு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் அறநெறிப் பாடசாலையில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன். போன மார்கழியில் இது நடந்தது. பக்கத்தில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று பார்க்கவில்லை என்கிறார்கள். அதற்காக நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம். நுவரெலியாவில் ராகலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். மலைச்சரிவில் ஒரு கடைத்தெரு. மேலும் கீழும் தேயிலை. உச்சியில் மாரியம்மன் கோயில். அவ்வளவுதான் ஊர். ஆனால் பாட்டு இல்லாமல் எங்களுக்கு விடியாது. சலூனில் பாட்டு, ரொட்டிக் கடையில் பாட்டு, பஸ் கண்டக்டர் வாயிலும் பாட்டு. நுவரெலியாவில் எந்தக் கோயிலில் திருவிழா என்றாலும் பாட எங்கள் ஊரிலிருந்துதான் ஆள் கூப்பிடுவார்கள்.

அதிலும் கோசலா பாடினால் தனி. அவள் என் நாத்தனார். இருபத்து நாலு வயது. துணிக்கடையில் வேலை. அவள் வாய்க்குள்ளே முனகினால்கூட, துணி வாங்க வந்தவர்கள் விலை கேட்க மறந்து நிற்பார்கள். நுவரெலியாவில் ஒரு இசைக்குழு அவளைத் தைப்பொங்கலன்று வந்து பாடிக் காட்டச் சொல்லியிருந்தது. பிடித்தால் குழுவிலேயே சேர்த்துக்கொள்வார்கள்.

"பொங்கலுக்குப் பெறகு என்னைய கடையில தேடாதீங்க அண்ணி. மேடையில பாருங்க."

"மேடைக்கு எந்தச் சேல கட்டுவ?"

"கடையில நல்லதா ஒண்ணு ஒளிச்சு வச்சிருக்கேன். மொதலாளிகிட்ட சொல்லிராதீங்க."

அந்தப் பொங்கலை நினைத்துத்தான் அந்த மார்கழி முழுவதும் அவள் நடந்தாள்.

மார்கழியில் எங்கள் பஜனை காலை நாலு மணிக்குக் கடைத்தெருவில் தொடங்கும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் வழியாக ஏறிப் போய்க் கோயிலில் முடியும். ஒரு வழக்கம் உண்டு. எந்த வாசலில் விளக்கு எரிகிறதோ, அங்கே நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். எரிகிற விளக்கைத் தாண்டிப் போகக் கூடாது. பாடி முடித்ததும் "ஒரு ஆள் வாங்க" என்று கூப்பிடுவோம். வீட்டுக்காரர்கள் இஞ்சி போட்ட பிளேன்டீ தருவார்கள். அந்த வீட்டில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எங்கள் வரிசையின் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார். கோயிலில் எல்லோருக்கும் சுண்டல் உண்டு.

கோயிலுக்கு முந்திய வளைவில் மேல் லயம் இருக்கிறது. எப்போதோ வந்த மண்சரிவில் அதன் பின்பக்கம் புதைந்துபோனது. மீதிப் பேரையும் பிறகு கீழே புது வீடுகளுக்கு மாற்றிவிட்டார்கள். கூரை இல்லை. சுவர்தான் நிற்கிறது. அந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரர் ஹார்மோனியத்தை நிறுத்திவிடுவார். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். நான் வேறு தோட்டமான டயகமவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஏன் என்று கேட்டால், "அது அப்படித்தான்" என்பார்கள்.

எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. மனிதர் வாழ்ந்த வாசல். எல்லா வாசலிலும் பாடிவிட்டு அங்கே மட்டும் வாயை மூடிக்கொண்டு போவது என்ன பக்தி?

ஒரு வெள்ளிக்கிழமை, என் அம்மா தந்த சின்னப் பித்தளை விளக்கைச் சேலைத் தலைப்பில் மூடி எடுத்துப் போனேன். விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கிய விளக்கு. மேல் லயத்துக்கு வந்தபோது மணி 4.40.

வீரம்மா அக்கா என் கையைப் பிடித்தார். ஒரு காலத்தில் அந்த லயத்தில் குடியிருந்தவர்.

"இங்க வேணாம் டீச்சர்."

"ஏங்க அக்கா?"

"வேணாம்."

"ஒரு வெளக்குதானே அக்கா. யாருக்கு என்ன கெடுதல்?"

அவர் கையை விட்டார். கம்பளியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தனியாகக் கோயில் பக்கம் ஏறிப் போய்விட்டார்.

கடைசிக் காம்பராவின், அதாவது கடைசி அறையின், சுவரில் ஒரு விளக்கு மாடம் இருந்தது. உள்ளே கையை விட்டுத் துடைத்தேன். சுவரெல்லாம் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. மாடத்துக்குள் மட்டும் காய்ந்திருந்தது. கொஞ்சம் சூடாகவும் இருந்தது... யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி.

விளக்கை ஏற்றினேன். கோசலா பாடினாள். நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். முடிந்ததும் பழக்கத்தில் எல்லோரும் கொஞ்ச நேரம் நின்றோம். கோசலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணி, இங்க பிளேன்டீ கெடைக்காதா?"

"சும்மா இரு."

அவள் சும்மா இருக்கவில்லை. இருட்டான வாசலைப் பார்த்து, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"ஒரு ஆள் வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. விளக்கை ஊதி அணைத்து, மாடத்திலேயே விட்டுவிட்டு நடந்தோம். கோசலா வரிசையின் கடைசியில் வந்தாள். மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. பின்பாட்டு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டது. எல்லோரும் நிறுத்திய பிறகு, கடைசியில் ஒரு குரல் மட்டும் நிறுத்தியது. கோசலா விளையாடுகிறாள் என்று நினைத்தேன்.

கோயிலில் சுண்டல் ஒரு ஆளுக்குக் குறைந்தது. கோசலாவின் கையில் ஒன்றும் இல்லை.

"ஒனக்குக் கெடைக்கலயா?"

"எனக்கு நீட்டினத அவங்க வாங்கிட்டாங்க."

"எவங்க?"

"எனக்குப் பின்னாடி வந்தவங்க. கைய மட்டுந்தான் பாத்தேன் அண்ணி." தன் நகங்களைப் பார்த்தாள். "நகமெல்லாம் மண்ணு."

கொழுந்து பறிக்கிற பெண் யாராவது இருக்கும் என்றேன். பசியாக இருந்திருக்கும், விடு என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அதே நேரம். வளைவு திரும்பினோம்.

மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரோ நல்ல மனது உள்ளவர் ஏற்றியிருக்கிறார் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார்.

"போயிருவோம்."

"எரியிற வெளக்கத் தாண்டக் கூடாதுங்க."

"யாரு ஏத்தினா?"

கோசலா தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத் தொடங்கினாள். முதல் வரியை நாங்கள் திருப்பிப் பாடினோம். இரண்டாவது வரி வந்தது. அவள் குரல்தான். எப்போதையும்விட நன்றாக இருந்தது.

ஆனால் அது என் பக்கத்திலிருந்து வரவில்லை.

திரும்பி டார்ச்சை அவள் முகத்தில் அடித்தேன். கோசலாவின் வாய் மூடியிருந்தது. கண்ணில் நீர் வழிந்தது. உதடு அசையவில்லை.

பாட்டு நிற்கவில்லை.

கூரையில்லாத அந்தக் காம்பராவுக்குள்ளிருந்து, கோசலாவின் குரலில், தாளம் தப்பாமல் வந்துகொண்டிருந்தது.

ஹார்மோனியம் நின்றது.

பின்னால் யாரோ ஓடும் சத்தம். இன்னொருவர். இன்னொருவர்...

பாட்டு முடிந்தது.

பிறகு உள்ளேயிருந்து, அதே குரலில்...

"ஒரு ஆள் வாங்க."

கோசலா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. என்னையும் சேர்த்து இழுத்தாள். மெலிந்த பெண். அந்தப் பலம் அவளுடையது இல்லை. என் வீட்டுக்காரர் ஹார்மோனியத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்.

"ஒரு ஆள் வாங்க."

இந்த முறை கொஞ்சம் கிட்டே.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். யாராக இருந்தாலும் அன்பாகப் பேசினால் இறங்கி வருவார்கள். வாசலைப் பார்த்துக் கைகூப்பினேன்.

"அம்மா, நீங்க யாருன்னு தெரியல. இவள விட்டுருங்க. தெனமும் வந்து பாடுறோம். பிரசாதம் கொண்டாந்து தர்றோம்..."

பிறகு என் முகத்தில் ஏதோ வந்து அறைந்தது. ஈரமாக, கனமாக. வாய்க்குள்ளும் போனது. மண். மண்ணோடு கடலை.

நேற்றுக் கொடுத்த சுண்டல்.

விளக்கு அணைந்தது.

இருட்டில் என் காதுக்குப் பக்கத்தில் மூச்சு. மண் வாசனை. என்னிடம் அது ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தாண்டிக் கோசலாவின் பக்கம் போனது.

கோசலா ஒரே ஒரு முறை இருமினாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கோயில் வாசலில் வீரம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். என் முகத்தில் இருந்த மண்ணைப் பார்த்தார். எழுந்து, தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

நன்றாக வெயில் ஏறிய பிறகு நானும் என் வீட்டுக்காரரும் ஹார்மோனியத்தை எடுக்கப் போனோம். அம்மாவின் விளக்கையும் எடுத்து வர நினைத்தேன். கடைசிக் காம்பராவின் சுவருக்கு முன்னால் நின்றேன்.

மாடம் இல்லை.

அது இருந்த இடத்தில் சீமெந்துப் பூச்சு. பழைய பூச்சு. அதன்மேல் பாசி படர்ந்து கறுத்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. விளக்கை எங்கும் காணவில்லை.

கோசலா பிழைத்தாள். பேசுகிறாள், ஆனால் காற்று மாதிரிதான் வருகிறது. பாட்டு வருவதில்லை. நுவரெலியாவிலும் கண்டியிலும் டொக்டர்களிடம் காட்டினோம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். பொங்கலன்று அவள் பஸ் ஏறவில்லை. ஒளித்து வைத்த சேலையை அவளே கடை அலுமாரியில் மற்றச் சேலைகளோடு அடுக்கி வைத்தாளாம்.

பஜனையை அந்த வழியாகக் கொண்டுபோவதை விட்டுவிட்டோம். ஆனாலும் விடியும் முன்பு சில நாட்களில் மேலேயிருந்து பாட்டுக் கேட்கும். எங்கள் வீடு வரை கேட்கும். கோசலா எழுந்து ஜன்னல் பக்கம் உட்காருவாள். தன் குரலைக் கேட்டுக்கொண்டு, விரலால் தாளம் போடுவாள். ஜன்னலைச் சாத்தப் போனால் என் கையைத் தட்டிவிடுவாள்.

மாசியில் ரோட்டை அகலப்படுத்த, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தது. மேல் லயத்துச் சுவரை இடித்தார்கள். அன்று மத்தியானம் பெக்கோ ஓட்டுகிறவர் ஒரு விளக்கைக் கோயிலில் கொண்டுவந்து கொடுத்தார். பூசியிருந்த மாடத்தை உடைத்தபோது உள்ளே இருந்ததாம். பித்தளை விளக்கு. விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியது.

திரியில் எண்ணெய் ஈரம் காயவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நேரே வீரம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் இருந்தார். விளக்கை அவர் முன்னால் வைத்தேன்.

"ஜீவராணின்னு ஒரு புள்ள டீச்சர். எங்களுக்கு அடுத்த காம்பரா. கோசலா மாதிரிதான் பாடும். மண்ணு சரிஞ்சப்ப பின்பக்கம் மாட்டிக்கிச்சு. உசுரோடதான். மார்கழி மாசம். எடம் தெரியட்டும்னு உள்ளேருந்து பஜனப் பாட்டாப் பாடிக்கிட்டே இருந்துச்சு. நாங்களும் தோண்டினோம்."

"பெறகு?"

"மறுநா திரும்ப மழ. மலை நெளியுது, இனிமே மண்ணத் தொட்டா லயமே போயிரும்னாங்க. எல்லாருக்கும் புள்ள குட்டி இருக்கு. நிறுத்திட்டாங்க. அது பாட்ட விட்டுட்டுக் கூப்புட ஆரம்பிச்சுச்சு. ஒரு ஆள் வாங்க, ஒரு ஆளாவது வாங்கன்னு. சொவத்துல இருந்த மாடத்து வழியா அந்தச் சத்தம் அப்படியே எங்க காம்பராவுக்கு வரும். புள்ளைங்க பயந்து அழுதுச்சு. எங்க வீட்டுக்காரருதான் சீமெந்து கொழச்சு அந்த மாடத்தப் பூசினாரு."

"அது... அவங்க செத்த பெறகுதானே அக்கா?"

வீரம்மா அக்கா விளக்கைக் கையில் எடுத்தார். நசுங்கிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"மூணாம் நாளு காலையில. பூசி முடிக்கிற வரைக்கும் கூப்புட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு."