அழகம்மா இருந்த போல்டர்

மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஆட்டோவை நிறுத்துகிற சதீஸ்குமாரின் வண்டியில் யாராவது லெப்டொப் பையோடு ஏறிவிட்டால் போதும். முதல் வளைவு திரும்புமுன் பேச்சைத் தொடங்கிவிடுவான்.

"நம்ம தங்கச்சியும் இந்த லைன்தான் சேர். சாப்ட்வேர் செய்யுது."

என்ன சாப்ட்வேர் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. "பெரிய வேல சேர்" என்பான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் அவன். உயர்தரப் பரீட்சையில் கணிதம் எடுத்துச் சித்தியடைந்த முதல் பிள்ளை, அவர்கள் குடியிருந்த தோட்ட லயத்திலேயே அவன் தங்கை தினுஷாதான். அதைச் சொல்லாமல் அவன் எந்தப் பயணியையும் இறக்கிவிட்டதில்லை.

தினுஷா வேலை செய்தது றினோஸ் என்பவரிடம்; நானா, அதாவது அண்ணா, என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். செருப்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் அவர் சிறிய கம்பனி நடத்தினார். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை அவர் எழுதுவார். அதைக் கடைக்காரரின் கணினிக்குள் கொண்டுபோய் உட்காரவைக்கும் இன்ஸ்டோலர் தினுஷாவின் பொறுப்பு. திரையில் நாலைந்து பெட்டிகள் வரும். அவற்றில் ஒன்று, எந்த போல்டரில் வைக்கட்டும் என்று கேட்கும். இதில் வைக்கலாமே என்று ஓர் இடத்தைத் தானே எழுதியும் காட்டும். பெரும்பாலானோர் வாசிக்காமலே அடுத்த பொத்தானை அழுத்திவிடுவார்கள். விருப்பமானவர்கள் வேறு இடத்தைக் காட்டலாம்.

போன மாதம் றினோஸ் அவளைக் கூப்பிட்டு, "தங்கச்சி, சாப்ட்வேர எடுத்த பொறகும் அந்த போல்டர் அங்கனயே கெடக்குதாம். அசிங்கமா இருக்குன்னு கஸ்டமர் சொல்றாங்க. எடுக்கிற நேரம் முழுசாத் தொடைச்சி எடுக்கிற மாதிரி செய்ங்க" என்றார்.

செய்தாள். ஒரே ஒரு வரி. நீக்கும்போது அந்த போல்டரையே உள்ளதோடு அழித்துவிடும் வரி. தன் கணினியில் வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். எல்லாம் சுத்தமாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெட்டி கேட்ட கேள்விக்கு, அது காட்டிய இடத்தையே சரி என்று அழுத்தியிருந்தாள். கேள்வியை எழுதியவளுக்கு வேறு இடத்தைக் காட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

றத்தோட்டையில் ஸ்டூடியோ வைத்திருந்த நடராஜா வேறு இடத்தைக் காட்டியிருந்தார். அவருடைய கணினியில் சி டிரைவ் நிறைந்துபோயிருந்தது. டி டிரைவில் 'படங்கள்' என்று ஒரே ஒரு போல்டர். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடந்த கல்யாணம், சடங்கு, காதுகுத்து, அடையாள அட்டைக்கு எடுத்த முகங்கள் எல்லாம் அதற்குள். பில் போடுவதையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார். தேடாமல் எடுக்கலாமே என்ற நினைப்பு.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்துக் காலையில் அவர் தினுஷாவுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ள, நேத்து நீங்க அனுப்பின புதுசப் போட்டேன். இப்ப படம் ஒன்னும் காணோம்மா."

"எந்த போல்டர்ல வச்சிருந்தீங்க அங்கிள்?"

அவர் சொன்னார். தினுஷா அந்த ஒரு வரியை நினைத்தாள். புதியதை வைக்குமுன் பழையதை எடுக்கும். எடுக்கும்போது போல்டரை அழிக்கும். பிறகு அதே பெயரில் புதிய போல்டரை உண்டாக்கி அதற்குள் உட்காரும். அவள் எழுதியபடியேதான் அது நடந்திருந்தது.

"கம்பியூட்டர இப்பவே நிப்பாட்டுங்க அங்கிள். ஒன்னும் செய்யாதீங்க. நான் வாறேன்."

"சீக்கிரம் வாம்மா. இங்க ஒரு செத்த வீட்டுக்காரங்க படத்துக்கு நிக்கிறாங்க."

சதீஸ்குமார் ஆட்டோவை எடுத்தான். றத்தோட்டைப் பாதை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான்.

"நீ தொட்டா சரியாயிரும். ஒனக்குத் தெரியாததா?"

"நான் தொட்டதுனாலதான் அண்ணே போச்சு."

"சும்மா இரு. மெஷின்னா பழுதாகும். போன வாரம் எனக்கு கிளச் கேபிள் அறுந்திச்சி. நான் என்ன அழுதேனா?"

அவளும் அழவில்லை. எப்போது அழுகை வரும் என்று காத்திருப்பவளைப் போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகுக்கொடி ஏறிய மரங்கள் போயின. புத்தர் கோயிலான பன்சலைக்கு வெள்ளையுடுத்திப் போகிறவர்கள் போனார்கள்.

ஸ்டூடியோவில் நடராஜாவோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புஷ்பராணி. முந்தின நாள் இறந்துபோன அழகம்மாவின் மகள். மூன்று மணிக்கு அடக்கம். பாதைச் சந்தியில் கட்டும் மரண அறிவித்தல் பெனருக்கு அம்மாவின் படம் வேண்டும். அழகம்மா, யாராவது படமெடுக்கப் போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறவள். வயதுபோன காலத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் படத்துக்கு உட்கார்ந்தாள். முதியோர் அடையாள அட்டைக்காக நடராஜாவிடம் எடுத்த படம் அது. பிரதிகள் எல்லாம் விண்ணப்பத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போய்விட்டன. போயா என்பதால் அங்கே பூட்டு.

தினுஷா உட்காருமுன் சொன்னாள். "அக்கா, படம் அழிஞ்சது நான் செஞ்ச சாப்ட்வேர்னாலதான்."

நடராஜா குறுக்கிட்டார். "அப்பிடிச் சொல்லாத பிள்ள. எந்த எடம்னு அது கேட்டிச்சி. நான்தானே இந்த எடத்தக் காட்டினேன்."

"நீங்க எந்த எடத்தக் காட்டினாலும் மத்த சாமானத் தொடக் கூடாது அங்கிள். அதுக்கு உரிமை இல்ல. அது கொண்டு வந்தத மட்டுந்தான் அது எடுத்துக்கிட்டுப் போகணும்."

புஷ்பராணி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "யாரு செஞ்சா என்னாங்க. படம் கெடைக்குமா, கெடைக்காதா?"

"அழிஞ்சாலும் டிஸ்க்குல கொஞ்ச நேரம் கெடக்கும்க்கா. அது மேல வேற ஏதும் எழுதப்படாம இருந்தா எடுக்கலாம்."

கொண்டுவந்த வெளி டிஸ்க்கைச் செருகி, மீட்கும் மென்பொருளை அதிலிருந்தே ஓடவிட்டாள். டி டிரைவில் ஓர் எழுத்துக்கூடப் புதிதாக எழுதப்படாமல் பார்த்துக்கொண்டாள். படங்கள் வரத் தொடங்கின. பெயர்கள் போய்விட்டிருந்தன, வெறும் இலக்கங்கள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

மாலை போட்ட மாப்பிள்ளைகள் வந்தார்கள். மஞ்சள் பூசிய பெண்பிள்ளைகள் வந்தார்கள். பாஸ்போட்டுக்காக மூச்சை அடக்கி நின்ற பையன்கள் வந்தார்கள்.

"இவன் நம்ம கங்காணி மகன். இப்ப கட்டார்ல" என்றாள் புஷ்பராணி.

"இந்தக் கல்யாணத்துக்குக் காசே தரல்ல இன்னும்" என்றார் நடராஜா.

வாசலில் நின்ற சதீஸ்குமார் எட்டிப் பார்த்து, "ஐயோ, இது நான்தானே! லைசன் எடுக்கப் போன நேரம். திருடன் மாதிரி இருக்கேன்" என்றான்.

புஷ்பராணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தினுஷா மட்டும் அடுத்த இலக்கத்தைத் திறந்தாள். பக்கத்தில் வைத்த பிளேன்டீ ஆறிக்கிடந்தது.

"நிப்பாட்டுங்க! அம்மா!"

நரைத்த வகிடு. குங்குமம். சுருங்கிய நெற்றி. கேமராவை நம்பாமல் பார்க்கிற இரண்டு கண்கள். மூக்கின் பாதிவரை அழகம்மா இருந்தாள். அதற்குக் கீழே சாம்பல்நிறப் பட்டை. வேறொன்றுமில்லை.

"கீழ இழுங்க பிள்ள" என்றார் நடராஜா.

"இவ்வளவுதான் அங்கிள்."

"மிச்சம்?"

தினுஷாவுக்கு மிச்சம் எங்கே என்று தெரியும். படங்களை அழித்தபின் புதிய பதிப்பு அதே டிரைவில்தான் போய் உட்கார்ந்தது. காலியானது என்று நினைத்த இடத்தில் தன்னை எழுதிக்கொண்டது. அழகம்மாவின் வாயின்மேல் இப்போது பில் போடும் மென்பொருள் இருந்தது. அதை அப்படியே சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே அந்நியமாக இருந்தது.

புஷ்பராணி திரையைப் பார்த்தாள். "வாய் இல்லாம அம்மாவ எப்பிடிச் சந்தியில வைக்கிறது?" என்று கேட்டாள். பிறகு நடராஜாவிடம், "அந்தப் படத்துல அம்மா சிரிச்சிக்கிட்டா இருந்தாங்க?" என்றாள்.

"அடையாள அட்டைப் படத்துக்கு நான் யாரையும் சிரிக்க விடுறதில்ல தங்கச்சி."

கடைசியில் அழகம்மாவின் பழைய தேசிய அடையாள அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கினார்கள். பத்தொன்பது வயதில் எடுத்தது. எலும்பு துருத்திய கழுத்து, இரட்டைப் பின்னல், திடுக்கிட்ட முகம். சதீஸ்குமார் அதைப் பென்ட்ரைவில் வாங்கிக்கொண்டு மாத்தளைக்கு ஓடினான். போயாவானாலும் மரணத்துக்கு என்றால் பெனர்க் கடைக்காரர் ஒரு கதவைத் திறப்பார்.

மூன்று மணிக்கு முன்பு பெனரைச் சந்தியில் கட்டிவிட்டார்கள். வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே அந்தப் பெண்பிள்ளை மலையேறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தெட்டு வயது என்று கீழே எழுதியிருந்தது.

தோட்டத்தின் கீழ்ப்பிரிவிலிருந்து வந்த ஒருவர் நின்று பார்த்தார். "யாரப்பா இது? செத்தது கெழவின்னுதானே சொன்னாங்க? பேத்தியா?"

"கெழவிதான். போட்டோ மாறிப்போச்சாம்" என்றான் கொடி கட்டியவன்.

ஆட்டோவின் பின்சீட்டில் இருந்த தினுஷா அதைக் கேட்டாள். சதீஸ்குமார் வண்டியை எடுத்தான்.

மறுநாள் அவள் மேல்மாடிக்குப் போய் அந்த வரியை அழித்தாள். கடைக்காரர் எந்த இடத்தைக் காட்டினாலும், அங்கே தனக்கென்று ஒரு போல்டர் உண்டாக்கி அதற்குள் மட்டும் இருக்கும்படி மாற்றினாள். நீக்கும்போது, தான் வைத்த கோப்புகளின் பெயர்களைப் பார்த்து அவற்றை மட்டும் எடுக்கும். இந்தத் தடவை நிறைந்த போல்டரைக் காட்டினாள், பென்ட்ரைவைக் காட்டினாள், ஒன்றுமேயில்லாத டிரைவைக் காட்டினாள். அந்த வரியைச் சுமந்த பழைய பதிப்பு இருந்த எல்லாக் கடைகளுக்கும் போன் எடுத்து, தான் வரும்வரை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லத் தொடங்கினாள். பேசியவரை வேறு எந்தக் கடையிலும் இழப்பில்லை. அது தெரிந்தபோதும் அவளுக்கு ஆறுதல் என்று ஒன்றும் வரவில்லை. அடுத்த கடையின் இலக்கத்தை அழுத்தினாள்.

"போல்டர் மிஞ்சுதுன்னு திரும்பியும் சொல்வாங்களே தங்கச்சி" என்றார் றினோஸ்.

"மிஞ்சட்டும் நானா."



அழகம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சில நாள் இருக்கும்போது, நடராஜாவின் கணினியில் புதிய பதிப்பை வைக்க அவள் றத்தோட்டைக்குப் போனாள். மீட்ட படங்களை முன்பே திருப்பிக் கொடுத்திருந்தாள். இடத்தைக் கேட்கும் பெட்டி வந்தது. நடராஜா பழக்கத்தில் 'படங்கள்' என்பதையே காட்டிவிட்டு, கையை மவுஸில் வைத்தபடி நின்றுவிட்டார்.

"நீயே அழுத்து பிள்ள."

தினுஷாவின் கையும் எழவில்லை. அவள் எல்லா விதத்திலும் பார்த்திருந்தாள். ஆனாலும் எழவில்லை.

வாசலில் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். புஷ்பராணி. கையில் ஒரு கடித உறை இருந்தது.

"அம்மாட முதியோர் அட்டை வந்திருக்கு. நேத்துத்தான் தபால்காரர் குடுத்தாரு. காரியத்துக்கு இதப் பெரிசாக்கித் தாங்க." பிறகு திரையைப் பார்த்தாள். "அதேவா இது?"

"மாத்தினது அக்கா."

"அப்ப போடுங்களேன். என்னாத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறீங்க?"

தினுஷா அழுத்தினாள். பச்சைக் கோடு ஓடி முடிந்தது. 'படங்கள்' போல்டரைத் திறந்தாள். எல்லாம் இருந்தன, நடுவில் சின்னதாக ஒரு புதிய போல்டர். மென்பொருளை நீக்கிக் காட்டினாள். அப்போதும் எல்லாம் இருந்தன. மறுபடி வைத்தாள்.

"போதும் பிள்ள, நம்புறேன்" என்றார் நடராஜா. அட்டையை வாங்கி ஸ்கேனரில் கவிழ்த்தார்.

தபால்தலை அளவு முகம் திரையில் மெல்ல மேலிருந்து கீழே இறங்கியது. வகிடு. நெற்றி. கண்கள். மூக்கின் பாதி. தினுஷா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் இறங்கிக்கொண்டே இருந்தது. வெற்றிலைக் கறை படிந்த உதடுகள் வந்தன. இறுக மூடியிருந்தன. மோவாயில் ஒரு மரு இருந்தது. அது அங்கே இருந்தது என்றே அவளுக்கு இதுவரை தெரியாது.

"சிரிக்கல்ல" என்றாள் புஷ்பராணி.

"நான்தான் சொன்னேனே" என்றார் நடராஜா.

வெளியே சதீஸ்குமார் இரண்டு தடவை ஹோன் அடித்தான். தினுஷா எழுந்து போகவில்லை. அந்த மருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.