கோடு போட்ட கார்டு

என் வீட்டுக்காரர் செத்துப்போன பிறகு, நான் தனியாக வீட்டில் கிடக்க வேண்டாம் என்று மகள் தன் வேலை இடத்துக்கே என்னையும் கூட்டிப்போனாள். காலையில் செம்மண்டலத்தில் பஸ் ஏறுவோம். சிதம்பரத்தில் இறங்கி அண்ணாமலை நகருக்கு இன்னொரு பஸ். அங்கே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை, கூட்டுவதும் துடைப்பதும் என் வேலை. நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். யாரிடமும் அதிகம் பேச மாட்டேன். அந்த வருஷம் பேசவும் ஒன்றும் இல்லை. துடைக்கச் சொன்னால் துடைப்பேன், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவேன்.

கண்ணாடி அறைக்குள் ஒரு பெரிய பெட்டி இருந்தது. சர்வர் என்பார்கள். அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே இன்னும் இரண்டு மெஷின் தனித்தனியாக ஓடுவது போல மகள் செய்து வைத்திருந்தாள். சோறு தின்னும்போது ஒரு நாள் சொன்னாள்.

"வூட்டுக்குள்ள குடித்தனம் வெச்ச மாதிரிம்மா. பொட்டியில ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்குது. ஒன்னு பொட்டிக்கு. இன்னொன்ன உள்ள இருக்குற ரெண்டுல ஒரு மெஷின் கையிலயே நேரா குடுத்துட்டேன். அதுல பொட்டி கை வெக்காது. வெளிய நெட்டு போற வாசலே அதான்."

எனக்குப் பாதி புரிந்தது. இரண்டு கார்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஒயர் மாறிவிடக் கூடாது என்று உள் மெஷினுக்குக் கொடுத்த கார்டின், வெளியே தெரியும் தகட்டில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருந்தாள். தினமும் காலையில் பெட்டியின் பின்பக்கத் தூசியைத் துடைப்பவள் நான். கோடு போட்டது கீழே இருக்கும், போடாதது மேலே இருக்கும்.

ஆயுத பூஜை வந்தது. முதலாளிக்கு எதையும் அரைகுறையாகச் செய்தால் பிடிக்காது. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருப்பதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்றார். மகள் சர்வரை நிறுத்தித் திறந்து, இரண்டு கார்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். நான் துடைத்துப் பேப்பரில் வைத்தேன், மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே.

சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டம்மா வந்தார்கள். நான் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லும்படி வைத்துக்கொள்ளக் கூடாது இல்லையா. அந்தம்மா ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்துத் தகட்டில் பொட்டு வைத்துப் பேப்பரில் திரும்ப வைத்தார்கள். மேலே இருந்தது கீழே போனது. நான் பார்த்தேன். பூஜை நடக்கிற இடத்தில் நான் போய் என்னத்தைச் சொல்வது. மகள் பேப்பரில் இருந்த வரிசைப்படியே எடுத்துச் செருகினாள். கோடு பார்த்து ஒயரை மாட்டினாள். மூடினாள். கற்பூரம் காட்டினார்கள்.

மறுநாள் விஜயதசமி. புதுப் பிள்ளைகள் சேர அம்மா அப்பாவோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். சர்வர் நன்றாகத்தான் எழுந்தது. உள் மெஷின் ஓட ஆரம்பித்ததும் எல்லாம் அறுந்துபோனது. நெட் இல்லை. மற்ற கம்ப்யூட்டரிலிருந்து சர்வரையே பிடிக்க முடியவில்லை. உள் மெஷினை நிறுத்தி, சர்வரை நிறுத்தி எழுப்பினால் வரும். உள் மெஷினை ஓட்டினால் போய்விடும். மகள் ஒயரை மாற்றினாள். கறுப்புத் திரையில் என்னென்னவோ எழுதினாள், அழித்தாள். நம்பர் எல்லாம் பழையபடியே சரியாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

"ஒரு பொட்டிக்குள்ள மூணு பொட்டின்னு சொன்ன. இப்ப ஒரு பொட்டிகூட இல்ல."

"பாத்துக்கினு இருக்கேன் சார்."

"நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் பாரு. வரலன்னா பழைய ஆளக் கூப்புட்டுக்கறேன். நீ வேற எடம் பாத்துக்க."

வீட்டம்மா பின்னால் நின்று, "பூஜை போட்ட மறுநாளே இப்பிடி. யாரு நின்னது ஆவலியோ" என்றார்கள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து துடைத்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

மறுநாள் காலையில் பெட்டிக்குப் பின்னால் துணியை விட்டேன். கோடு மேலே இருந்தது. அதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. சொன்னால், கார்டை நீதானே துடைத்தாய் என்பார்கள். அதனால் மத்தியானம் வரைக்கும் சொல்லவில்லை. இவள் வேலை போனால் வாடகைக்கு வழியில்லை என்பது தெரிந்தும் சொல்லவில்லை. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

மத்தியானம் மகள் டப்பாவைத் திறக்கவே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"கோடு போட்டது எப்பவும் கீழ இருக்கும்."

"இன்னாம்மா?"

"பொட்டு வெக்கச்சொல்ல மாறிப்போச்சி. நான் பாத்தேன்."

அவள் எழுந்து பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு பெட்டியை நிறுத்தித் திறந்தாள். கார்டுகளை இடம் மாற்றிச் செருகினாள். உள் மெஷினை ஓட்டினாள். எதுவும் அறுந்துபோகவில்லை. வெளியே ஒரு பையன், "நெட்டு வந்துடுச்சி மேடம்" என்றான்.

பஸ்ஸில்தான் விளக்கினாள். உள் மெஷினுக்கு இன்ன கார்டு என்று எழுதிக் கொடுக்கவில்லையாம், இன்ன இடத்தில் இருக்கிற கார்டு என்றுதான் எழுதிக் கொடுத்ததாம். இடம் மாறியதும் பெட்டி தன் சொந்தக் கார்டையே தூக்கி உள்ளே கொடுத்துவிட்டதாம்.

"கோட்டப் பாத்தேனே தவுர எடத்தப் பாக்கல. ரெண்டும் ஒரே மாதிரி, நம்பரும் மாறல" என்றாள். கொஞ்சம் கழித்து, "நேத்தே சொல்லியிருக்கலாமில்ல" என்றாள்.

மத்தியானம் அவள் திறக்காத டப்பாவை எடுத்து நீட்டினேன்.

வேலை போகவில்லை. அடுத்த வருஷம் பெட்டியைத் திறக்க வேண்டாம், மேலேயே பொட்டு வைத்தால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். நான் அப்போதும் கதவோரம்தான் நின்றேன். சந்தோஷமா என்று கேட்டால் தெரியவில்லை. தினமும் காலையில் பின்பக்கம் துடைக்கும்போது கோடு கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். இருக்கும். அடுத்த மேஜைக்குப் போவேன்.