பயப்பட வேண்டாம் என்று ஒரு தமுக்கு

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய புதிதில் நான் ஒரு தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. ரூபாய் நோட்டு செல்லாமல் போகும், வெள்ளி நாணயத்தைப் பதுக்கிக்கொள்வதே நல்லது என்று அங்கங்கே பேச்சு. அதை அடக்கத் தாசில்தார் ஓர் அறிவிப்பு எழுதச் சொன்னார். "நோட்டு செல்லும், வெள்ளிக்குத் தட்டுப்பாடில்லை, யாரும் பயப்பட வேண்டாம்" என்று எழுதினேன். தமுக்கடிப்பவரோடு போடி கடைத்தெருவுக்கு நானும் போனேன்.

அதுவரை அந்தப் பேச்சே காதில் விழாதிருந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர் வெளியே வந்து அறிவிப்பைக் கேட்டார். "பயப்படாதேன்னு சர்க்காரே தமுக்கடிச்சுச் சொல்றாகன்னா, விசயம் பெருசுதேன்" என்றவர், நோட்டுக்கட்டோடு வெள்ளி தேடி ஓடினார். தெருவே அவர் பின்னால் ஓடியது. மதியத்துக்குள் அரிசி விற்றவள் என் ஐந்து ரூபாய் நோட்டைத் தள்ளிவிட்டாள்.

"ஆத்தா, அந்த அறிவிப்பை எழுதினதே நாந்தேன்."

"அப்ப ஒங்களுக்கு உள்விசயம் தெரியும்ல? வெள்ளியாக் குடுங்க."

அரிசியில்லாமல் திரும்பித் தாசில்தாரிடம் நடந்ததைச் சொன்னேன். இன்னொரு முறை தமுக்கடிப்போமா என்றார்.

"வேணாங்கய்யா, பேசாம இருந்தாலே அடங்கிரும்" என்றேன்.

அவர் யோசித்துக்கொண்டிருக்கையில் அவருடைய சேவகன் மூட்டையோடு மூச்சிரைக்க வந்தான். "ஐயா, ஒங்க நோட்டுக்குப் பாதி வெள்ளிதேன் கெடச்சுச்சு!"

தாசில்தார் அன்று என்னைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.